ஒன்பது கால் வீடு

மாகறலில் மாமனார் விட்டுப்போன கொல்லையைப் பார்க்க மெஹதாப் முதல் தடவை போனபோது கூட வந்தது கணவன் இல்லை, கணவனுடைய அண்ணி நபீசாதான். அறுபத்தேழாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். உத்திரமேரூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, செய்யாற்றங்கரைப் பக்கமாகக் கூப்பிடு தூரம் நடந்தார்கள். கொல்லை முழுக்க முள்ளும் எருக்கும். ஆனால் நாலு மூலையிலும் எல்லைக்கல் நின்றது. கல்லைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் புல் செதுக்கியிருந்தது.

பக்கத்து வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக் கரையில் சாய்த்துவிட்டு வந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயசிருக்கும். ஸ்ரீபாலன் என்று பெயர். ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள், ஜைனக் குடும்பம்.

"ஈயம் பூசற ரஹீம் பாய் மருமவளா நீ? பர்மாலருந்து வந்துக்கினாங்கன்னு கேள்விப்பட்டேன். இன்னாடா இன்னும் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலியேன்னு நெனச்சிக்கினே இருந்தேன்."

"கல்லு அப்படியே இருக்குதே, அண்ணே" என்றாள் மெஹதாப்.

"பாய் வச்ச கல்லு அது. நான் ஏன்மா அத்த அசைக்கப் போறேன்? முப்பது வருசமா ஏர் ஓட்டறப்ப மாட்டை இந்தாண்ட திருப்பிக்குவேன். அவ்ளோதான்."

மெஹதாப் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரங்கூனில் அவர்கள் கடையையும் வீட்டையும் விட்டுக் கிளம்பியபோது, யாராவது ஒருவர் இப்படி மாட்டைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் என்று நினைத்தாளோ என்னவோ.

*

மெஹதாப்புக்கு இந்த ஊர்தான் வெளிநாடு. பிறந்தது மௌல்மேனில். அத்தா கடலூர்க்காரர், அங்கே மரவாடி வைத்திருந்தவர், அம்மா பர்மாக்காரி. வீட்டில் தமிழும் பர்மிய மொழியும் பேசி வளர்ந்தவள். காஞ்சிபுரத்திலிருந்து சின்ன வயசிலேயே கப்பலேறி, ரங்கூனில் பட்டு ஜவுளிக் கடை வைத்த அப்துல் சத்தாருக்கு அவளைக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் இருபது வருஷம் ஓடியது. ரங்கூனில் தம்வே பக்கம் சத்தார் தன் கையாலேயே ஒரு தேக்கு வீடு கட்டினார். மரம் பார்த்து வாங்கியவள் மெஹதாப். உளி பிடித்தவர் அவர். கடைக்குப் போகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் மரத்தூளில்தான் இருப்பார்.

அறுபத்திநாலில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கப்பலேறும் காலையில் சத்தார் வீட்டைப் பூட்டினார். பூட்டிய சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நடந்தார். மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியதிலிருந்து அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. பர்மிய மொழியில் ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. மெஹதாப் ஏதாவது கேட்டாலும் தமிழில் பதில் வரும், அதுவும் ஒற்றை வார்த்தை.

காஞ்சிபுரத்தில் சத்தாரின் அண்ணன் ஷரீஃப் சரிகை வியாபாரம் செய்தார். அவர் வீட்டில் பின்கட்டு அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். பதினோரு பேர் உள்ள வீடு. ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை, அதுதான் மெஹதாப்புக்குப் பாரமாக இருந்தது. வீட்டில் உருதுதான் புழங்கும். எல்லோரும் சிரிக்கும்போது அவள் எதற்கென்று தெரியாமல் சிரிப்பாள். நபீசா மட்டும் அவளுக்காகத் தமிழுக்கு மாறுவாள். அந்த மாறுதல் ஒவ்வொரு தடவையும் மெஹதாப் வெளியாள் என்பதை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தது.

மாகறலிலிருந்து திரும்பிய அன்று அவள் கணவனிடம் பேச்செடுத்தாள்.

"ஏங்க, அந்தக் கொல்லையில வீடு கட்டலாம்."

சத்தார் சரிகைக் கட்டுக்குக் காகிதம் மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? இருக்கத்தான்."

"கட்டினேனே ஒண்ணு. பாத்தியே. ஒரு நாளு ஒருத்தன் காயிதம் எடுத்துக்கினு வருவான், அப்புறம் நாம நடக்க வேண்டியதுதான். எனக்கு இன்னொரு வாட்டி தெம்பு இல்ல மெஹதாப்."

"வரட்டும். வர்ற வரைக்கும் என் அடுப்புல நான் ஆக்கித் திம்பேன்."

"இங்க இன்னா கொற உனக்கு? அண்ணி எதுனா சொன்னாங்களா?"

"அவங்க தங்கம். அதனாலதான் சொல்றேன். தங்கமான மனுசங்க தலையில எத்தனை வருசம் குந்திக்கினு இருக்கறது?"

அவர் அடுத்த காகிதத்தை எடுத்து மடித்தார். "நீ கட்டறதுன்னா கட்டு. என்னைக் கூப்பிடாத."

அது சம்மதமா மறுப்பா என்று அவள் ஆராயவில்லை. 'கட்டு' என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

*

சின்ன காஞ்சிபுரத்தில் கோதண்டபாணி ஆசாரி என்று ஒருவர். வரதராஜர் கோயில் வாகனங்களுக்குப் பழுது பார்ப்பவர், மற்ற நாளில் தறிகளுக்கு மர வேலை. ஷரீஃப்பின் சிபாரிசில் அவரைத் தேடிப் போனாள். அவள் சொன்ன வீட்டை ஆசாரி இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"தரையில இல்லியா? காலு மேலயா?"

"ஆமாங்க. ஒன்பது காலு. தரையிலருந்து மாரளவு ஒசரத்துல பலகை. அதுமேல சுவரு, மூங்கில் தட்டி. கூரை பனையோலை. எங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான்."

"எம்மா, தேருக்குத்தான் நான் அப்டி அடிச்சிருக்கேன். சாமி குந்தற வூடு அது. மனுசங்களுக்கு அடிச்சதில்ல." விரலால் மண்ணில் ஒன்பது புள்ளி வைத்தார். "சரி, அடிச்சிப் பாப்போம். கையி கேக்குது."

மரம்தான் கஷ்டம். தேக்கைப் பற்றி நினைக்கவே முடியாது. ஸ்ரீபாலன் வயல் வரப்பில் பனைகள் வரிசையாக நின்றன. மெஹதாப் அவற்றை அண்ணாந்து பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"நின்னுக்கினு இருக்கறத நான் வெட்ட வுடமாட்டேன்மா, கோச்சிக்காத. அதுல எத்தினி உசுரு குடியிருக்குது. ஆனா போன வருச காத்துல வுழுந்தது ஆத்தோரம் ஆறு கெடக்குது. ரெண்டு வருசத்துக்கு முந்தி வுழுந்தது நாலு. வைரம் பாஞ்ச மரம், இரும்பு மாரி இருக்கும். இஸ்துக்கினு போ."

"அண்ணே, அதுக்கு நான் என்ன—"

"வுழுந்த மரத்துக்கு வெலை பேசறதா? போம்மா." பிறகு தயங்கிக் கேட்டார். "கடகால் எத்தினி அடி தோண்டுவீங்க? சுத்து மொத்தமும் பள்ளம் எடுக்கணுமே. மண்ணுக்குள்ள புழு பூச்சி..."

"கடகால் கிடையாது அண்ணே. காலுக்கு ஒண்ணா ஒன்பது குழிதான்."

ஸ்ரீபாலன் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு தன்னைப் பார்த்தே சிரித்தார். "ஏர் ஓட்டறவன் நான், நானே பேசறேன் பாரு. ஆனாலும் கொறைஞ்ச மட்டும் நல்லதுதானே? ஒன்பது குழி. நல்ல வூடும்மா உங்க ஊரு வூடு."

அன்று சாயங்காலமே அவர் ஊருக்குள் போய், பர்மாக்காரம்மா கட்டப்போகும் வீடு பூமியைக் கிழிக்காத வீடு என்று சொல்லிவிட்டார். அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு வாய் கொஞ்சம் அடங்கியது.

மாசி பங்குனி முழுக்க மெஹதாப் காலை பஸ்ஸில் போய், மாலை பஸ்ஸில் திரும்பினாள். முள்ளை அவளும் ஸ்ரீபாலனின் பண்ணையாள் முனிசாமியும் வெட்டினார்கள். பனந்துண்டுகளின் அடியைத் தீயில் வாட்டிக் கருக்கினால் கரையான் ஏறாது என்று அவள் அத்தாவின் வாடியில் பார்த்திருந்தாள். ஆசாரி தலையாட்டி ஒப்புக்கொண்டார். பனையை எந்தப் பக்கம் பிளந்தால் சிலாம்பு தெறிக்காது என்பது ஆசாரிக்குத் தெரிந்திருந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் சரிக்குச் சரி சண்டை போட்டார்கள். குழியின் ஆழத்துக்காக ஒரு நாள் முழுக்க வேலை நின்றது. மறுநாள் ஆசாரி வரும்போது கட்டைவண்டியில் ஒரு பழைய மரம் கொண்டுவந்தார். தறியில் நெய்த புடவையைச் சுற்றும் படமரம். முப்பது நாற்பது வருஷம் பட்டு உரசி உரசிக் கண்ணாடிபோல் இருந்தது.

"படிக்குக் கைப்புடி" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "தறி பிரிச்ச வூட்ல கேட்டு வாங்கியாந்தேன். ஏறறப்போ கையில சிராய் குத்தக்கூடாது பாரு."

ஸ்ரீபாலன் மனைவி கனகமாலா நடுப்பகலில் மோர் கொண்டுவருவாள். கனத்த உடம்பு, கணீரென்ற குரல். மெஹதாப் கிணற்றடிக்குப் போனால் அவளே இறைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுவாள். வடித்த துணியை மறுபடி கிணற்றுக்குள்ளேயே மெல்ல அலசுவாள், அதில் ஒட்டிய உயிர் தண்ணீருக்கே போகட்டும் என்று.

ஒரு நாள் மெஹதாப் மனசிலிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, நாங்க மீன் ஆக்குவோம். கருவாடும்தான். உங்க வீட்டுப் பக்கம் வாசம் வருமே."

கனகமாலா மோர்ச்செம்பைக் கீழே வைத்தாள். "நீ துண்றத நான் இன்னா சொல்றது? காத்து இன்னா என் பேச்சக் கேட்டுக்கினா வீசுது?" சற்று நின்று, "கழுவற தண்ணிய மட்டும் எங்க கெணத்தாண்ட ஊத்தாத. அது போதும்."

மெஹதாப் அன்றே அடுப்படியை மாற்றினாள். ரோட்டுப் பக்கமாக, ஆற்றுக் காற்று வெளியேறும் திசையில். அதற்காக ஒரு குழி இரண்டடி நகர்ந்தது, ஆசாரி அரை நாள் முணுமுணுத்தார்.

சத்தார் வாரத்தில் ஒரு நாள் வருவார். நபீசா கொடுத்தனுப்பும் சாப்பாட்டுக் கேரியரோடு. ரோட்டோரப் புளியமரத்தடிக்கு மேல் வரமாட்டார். கேரியரை வேரில் வைத்துவிட்டு அங்கேயே நின்று, அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். முனிசாமிதான் போய் எடுத்துவருவான்.

"உங்க பாயி இன்னாமா, வேலி இல்லாத எடத்துல வேலி போட்டுக்கினு நிக்கறாரு?" என்று ஆசாரி ஒரு தடவை கேட்டார்.

"அவரு ஒரு வீடு கட்டி முடிச்சவரு. நான் இப்பதான் ஆரம்பிக்கிறேன்" என்றாள் மெஹதாப்.

*

முகட்டுவளை ஏற்றும் நாள் வந்தது. கூரையின் உச்சியில் நீளமாக ஓடும் பனமரம் அது. அது ஏறிவிட்டால் வீடு நின்ற மாதிரி. மறுநாளே ஆசாரி வைகாசி கருடசேவைக்கு வாகன வேலைக்குப் போயாக வேண்டும். அதற்கப்புறம் இருபது நாள் அவர் கிடைக்கமாட்டார். மேற்கே மேகம் கறுத்திருந்தது. கோடை மழை ஒன்று அடித்தால், கூரையில்லாத தட்டியும் பலகையும் ஊறிப் போகும்.

ஆசாரி, அவருடைய ஆட்கள் இரண்டு பேர், ஸ்ரீபாலன், முனிசாமி, மெஹதாப். ஆறு பேர். இன்னும் இரண்டு பேர் வருவதாகச் சொல்லி வரவில்லை. பலகைத் தளத்தின் மேல் நின்று, சாரம் கட்டி, இரண்டு பக்கமும் கயிற்றால் இழுத்தார்கள். ஸ்ரீபாலன் சாரத்தில் ஏறி ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார்; வளையின் நடுவை முட்டுக் கொம்பால் தாங்கிக்கொண்டு மெஹதாப் நின்றாள்.

ஒரு முனை கவட்டையில் உட்கார்ந்தது. மறுமுனை ஒரு முழம் மீதி இருக்கையில் காற்று கிளம்பியது. கயிறு சாரத்தில் உரசி, ஒரு புரி அறுந்து தெறித்தது. வளை ஒருக்களித்தது. ஸ்ரீபாலன் தோளில் பாரம் முழுக்க இறங்கியது. அவர் முழங்கால் மடங்குவதை மெஹதாப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கொம்பு வழுக்கியது. அவள் விட்டால் வளை அவர் மேல் விழும். விடாவிட்டால் அவள் மேல்.

"வுடாதம்மா! வுடாத!" ஆசாரி கத்தினார்.

புளியமரத்தடியில் கேரியர் உருண்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சத்தார் ஓடிவந்த சத்தமும் கேட்கவில்லை. படி இன்னும் அடிக்கவில்லை. மாரளவு உயரத் தளத்தில் அந்த ஐம்பது வயசு மனிதர் கையூன்றித் தாவி ஏறினார். சாரத்தில் ஸ்ரீபாலனுக்குப் பின்னால் போய் நின்று, வளைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார்.

"பியே... பியே..."

பர்மிய மொழியில், மெல்ல மெல்ல என்று அர்த்தம். தம்வே வீட்டுக்கு முகடு ஏற்றிய அன்று அவர் சொன்ன அதே குரல். மெஹதாப்பின் கை தானாகவே கொம்பை இறுக்கிப் பிடித்தது. அவள் அதே மொழியில், வலப்பக்கம் என்று சொன்னாள். அவர் வலப்பக்கம் நகர்ந்தார். மற்றவர்களுக்கு வார்த்தை புரியவில்லை, தாளம் புரிந்தது. ஆசாரியின் ஆட்களும் முனிசாமியும் அந்தப் 'பியே'வைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள். வளை ஏறி, இரண்டாவது கவட்டையில் தொம்மென்று உட்கார்ந்தது.

ஸ்ரீபாலன் தோளைத் தடவிக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டார். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சத்தார் அவர் முன்னால் குந்தி, தன் தோள்துண்டைக் கிழித்துக் கட்டினார்.

"நயினாரே, மாப்பு பண்ணுங்க. முப்பது வருசமா எங்கப்பா கல்லைப் பாத்துக்கினு இருந்தீங்க. நான் உங்களக்கூட வந்து பாக்கல. ரோட்ல நின்னுக்கினு இருந்தேன்."

"இப்ப வந்துட்டியே பாய். சரியான நேரத்துல வந்தே." ஸ்ரீபாலன் வலியோடு சிரித்தார். "இன்னும் ரெண்டு நிமிசம் களிச்சி வந்திருந்தா, பஸ்ஸுல என்னியும் சேத்து இட்டுனு போயிருக்கணும் ஆஸ்பத்திரிக்கு."

சத்தார் எழுந்து மேலே பார்த்தார். கவட்டையையும் மரங்கள் சேரும் மூட்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மூட்டு யாரு போட்டது?"

"நான்தான். இன்னா அதுக்கு?" ஆசாரி தோளை நிமிர்த்தினார்.

"தேருக்கு இது செரி. தேரு நகரும், மூட்டு கொஞ்சம் ஆட எடம் வேணும். வூடு நகராது ஆசாரி. ஆத்துக் காத்து இந்தாண்டலருந்து அடிக்கும். மூலைக்கு ஒரு கை கொடுக்கணும், குறுக்கால கட்டை வச்சி."

ஆசாரி மேலே பார்த்து, தாடையைச் சொறிந்தார். "உளி எடுத்துக்கறியா? பேசிக்கினே இருந்தா மழை வந்துரும்."

சத்தார் உளியை வாங்கிக்கொண்டார்.

அன்று அவர் மாலை பஸ்ஸுக்குப் போகவில்லை. கேரியரில் மிச்சமிருந்த குஸ்காவைத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து அவளும் அவரும் தின்றார்கள். மழை பெய்தது, நாலு மூலைக்கும் கை கொடுத்திருந்த வளை அசையவில்லை. கிழிந்த ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே அவர், தம்வே வீட்டு மாமரம் இந்த வருஷம் காய்த்திருக்குமா என்று பர்மிய மொழியில் கேட்டார். காய்த்திருக்கும் என்றாள் அவள். யாராவது தின்றால் சரி என்றார் அவர். அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டரை வருஷப் பேச்சு பாக்கியிருந்தது.

*

ஆனியில் குடிவந்தார்கள். ஷரீஃப் குடும்பம் மொத்தமும் வண்டி கட்டி வந்தது. நபீசா படமரக் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தாள், மேலே ஏறி எல்லாப் பலகையையும் மிதித்துப் பார்த்தாள். கிளம்பும்போது மெஹதாப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பின்கட்டு காலியா கெடக்கும்மா. எனக்கு யாரு இருக்காங்க தமிழ்ல பேச?"

அவளுக்கும் அந்த இரண்டு வருஷம் தேவையாக இருந்திருக்கிறது என்பது மெஹதாப்புக்கு அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வருவதாகச் சொன்னாள். சொன்னபடியே போய்வந்தாள்.

சத்தார் வீட்டுக்கு அடியிலேயே, பலகைத் தளத்தின் நிழலில், ஒரு பட்டறை போட்டுக்கொண்டார். முதலில் தங்களுக்கு ஒரு கதவு. பிறகு ஊரார் கலப்பை, தொட்டில், முக்காலி என்று கொண்டுவரத் தொடங்கினார்கள். ஆற்றிலிருந்து வரும் காற்று வீட்டுக்கு அடியில் நுழைந்து பலகை இடுக்கு வழியாக மேலே ஏறும். அவ்வளவு குளுமையான இடம் மாகறலில் வேறில்லை என்று முனிசாமி ஊரெல்லாம் சொன்னான்.

கனகமாலா மட்டும் மேலே ஏறியதில்லை. படியடியில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள். மெஹதாப் அழைத்ததும் இல்லை. அடுப்படியில் கருவாடு இருக்கிற வீட்டுக்குள் அவளை எப்படிக் கூப்பிடுவது?

ஆவணியில் ஸ்ரீபாலன் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கினார்கள். அவருக்குத் தோள் இன்னும் முழுக்கச் சரியாகவில்லை; பாதி வேலை கனகமாலா தலையில் விழுந்தது. விடிகாலையிலிருந்து குனிந்து குனிந்து பிடுங்கியவள், பிற்பகல் மூன்று மணிக்கு முகமெல்லாம் சிவந்து படியடிக்கு வந்தாள்.

"ஒரு வாய் தண்ணி— இல்ல, எங்க தண்ணியே இருக்குது" என்று இடுப்பிலிருந்த தன் செம்பைச் சாய்த்துக் குடித்தாள். பிறகு மேலே பார்த்தாள். "ஏம்மா, மேல காத்து வருதா?"

"வருதுக்கா. நல்லா வருது."

கனகமாலா படமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பவில்லை. ஆற்றைப் பார்த்த மூலையில் உட்கார்ந்தவள், "அம்மாடி" என்று காலை நீட்டினாள். இரண்டு வார்த்தை பேசினாள். மூன்றாவது வார்த்தை பாதியில் நின்றது. தலைக்குக் கையைக் கொடுத்துப் படுத்து அப்படியே தூங்கிப்போனாள்.

மெஹதாப் அசையாமல் நின்றாள். கீழே சத்தார் இழைப்புளி தள்ளும் சத்தம் கேட்டது. பலகை இடுக்கு வழியாகக் குனிந்து, "ஏங்க, நிறுத்துங்க" என்று கிசுகிசுத்தாள். அவர் அண்ணாந்து பார்த்தார். பலகைக்கு மேல் யாரோ படுத்திருக்கும் நிழல் தெரிந்திருக்கும். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, காலோசை கேட்காமல் ஆற்றுப் பக்கம் போனார்.

கனகமாலா வாயைத் திறந்தபடி, கடலை மண் ஒட்டிய கால்களை அகட்டிப் போட்டு, தன் வீட்டில் தூங்குவதுபோல் தூங்கினாள். மெஹதாப் ஓலை விசிறி எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. இன்னொரு மணி நேரமும் போனது. வெயில் தட்டியில் மஞ்சளாகச் சாய்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொழுது விழுந்தால் ஜைன வீட்டில் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார்கள். இவள் காலையிலிருந்து வேலை செய்தவள். இப்படியே தூங்கினால் நாளைக் காலைவரை பட்டினி. எழுப்பினால், இந்தத் தூக்கம் போய்விடும்.

மெஹதாப் சூரியனைப் பார்த்தாள், கனகமாலாவைப் பார்த்தாள். பனைமரத் தலைக்கு வரட்டும் என்று இருந்தாள். வந்தது. பனையின் கழுத்துக்கு இறங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் இருந்தாள். இங்கிருந்து அவள் வீடு நடந்தால் கால் நாழிகைகூட ஆகாது. சோறு காலையிலேயே வடித்திருப்பாள். மனசுக்குள் தூரத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் கழித்து, கடைசி நிமிஷம்வரை விசிறினாள். பிறகு விசிறியை வைத்துவிட்டு அவள் காலை மெல்லத் தொட்டாள்.

"அக்கா, பொழுது எறங்குது. போயி சாப்டுட்டு வாங்க."

கனகமாலா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஆற்றின்மேல் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள், கலைந்த கொண்டையை முடிந்தாள்.

"பாயி எங்க? என்னால வேலைய நிறுத்திக்கினாரா?"

"ஆத்துக்குப் போயிருக்காரு."

"இன்னா தூக்கம்மா இது. என் வூட்லகூட இப்டி தூங்கினதில்ல." படியில் இரண்டு அடி இறங்கியவள் நின்று திரும்பினாள். "நெலா வந்தப்புறம் வர்றேன். நீ பாட்டுக்கு அடுப்புல ஒலை வச்சிக்க, நான் இந்த மூலையில குந்திக்கறேன்."

செம்பை எடுத்துக்கொண்டு வரப்பில் வேகமாக நடந்தாள். மெஹதாப் அடுப்படிக்குப் போய்க் கருவாட்டுப் பானையை மூடி, உறியில் ஏற்றிவிட்டு, அந்த மூலையைப் பெருக்கத் தொடங்கினாள்.